ரப்பர் பால் ஊறிய பக்கங்கள்

உன்னை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று மாலை உன் மகன் கோலா கெத்திலிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு மெர்கோங்கில் என் மகள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். "அம்மாவோட அலமாரியக் காலி பண்றப்ப கெடச்சிச்சு ஆன்ட்டி. ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லி வச்சிருந்தாங்க," என்றான். மூடியைத் திறந்ததும் ஒட்டுப்பால் வாடை அடித்தது. பால்மரத்தின் வெட்டில் வடிந்து காய்ந்து நாடாவாக ஒட்டிக்கிடக்குமே, அதன் வாடை. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். நானோ டின்னுக்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடை மிச்சம் இருந்தது. அல்லது இருந்ததாக என் மூக்கு முடிவுசெய்துகொண்டது.

உள்ளே நம் வேதப்புத்தகம். சாக்கு நூலால் நீ திரும்பத் தைத்த தையல் அப்படியே இருக்கிறது. தையலில் நீ ஒன்றும் கெட்டிக்காரி இல்லை என்பதையும் இந்த நேரத்தில் சொல்லிவிடுகிறேன்.

சப்பான்காரன் காலத்தில் அந்தத் தோட்டத்தில் கிறிஸ்தவ வீடுகள் ஏழு. வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். உபதேசியார் பினாங்குப் பக்கம் தன் ஜனங்களைப் பார்க்கப் போனவர் திரும்பவில்லை. ஜெபக்கூடத்தில் உப்பு மூட்டையும் மரவள்ளிக்கிழங்கும் அடுக்கிவிட்டார்கள். ஒரு விடியற்காலைப் பிரட்டில் நாமெல்லாம் வேலைக்கு வரிசையாக நின்றபோது பெயர்களைப் படித்தார்கள். என் வீட்டுக்காரர் தேவசகாயம் பெயரும் வந்தது, உன் தம்பி பெயரும் வந்தது. சயாமில் ரயில் பாதை போடப் போகிறார்கள், மூன்றே மாதத்தில் வந்துவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாதம் ஆறானது. ஒரு கடுதாசி இல்லை.

அன்றிலிருந்து நான் ஜெபத்தை விட்டேன். லயத்து வீட்டு வரிசை முழுக்கச் சண்டைக்காரி என்று பேர் வாங்கியவள் நான். தண்ணீர்க் குழாயடியில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. ஆனால் ஆண்டவரோடு நான் சண்டைகூடப் போடவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை என்று நினைப்பு.

உனக்கும் தம்பி போன துக்கம் இருந்தது. ஆனால் நீ சும்மா உட்காரும் ஜாதி இல்லை. ஏழு பேர் ஓர் இடத்தில் கூடினால் கூட்டம் என்று பிடித்துக்கொண்டு போகிற காலம். உன் வீட்டில் மட்டும்தான் வேதப்புத்தகம் இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் அந்த ஒரு தடவை மட்டும் துணிந்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தியை வரச்சொல்லிவிட்டு, எங்கள் கண்முன்னே பால்வெட்டுக் கத்தியை எடுத்துப் புத்தகத்தின் தையலை அறுத்தாய்! ஞானம்மா அக்கா வாயில் அடித்துக்கொண்டார்.

"அடிப் பாவி, வேதத்தைப் போயி வெட்டுறியே!"

"பூட்டி வச்ச ஒரு புஸ்தகத்தவிட ஏழு வீட்டுல இருக்கற ஏழு துண்டு மேலக்கா. ஆளுக்கு ஒண்ணு. ஒரு மாசம் வாசிங்க. மாசம் முடிஞ்சா அடுத்த வீடு," என்றாய்.

எனக்கு விழுந்த பங்கு, சிறையில் கிடந்த ஒரு மனிதர் சபைகளுக்கு எழுதிய கடிதங்கள். தெரிந்தே கொடுத்தாயா என்று நான் கேட்டதேயில்லை. அதை ஒரு துணியில் சுற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். ஒரு பக்கமும் திறக்கவில்லை. எனக்கு வராத கடுதாசி ஊருக்கெல்லாம் வந்திருக்கிறதே என்று எரிச்சல்தான்.

மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கீழ் லயத்தில் சோதனை என்று சத்தம் கேட்டது. பதுக்கிய நெல்லைத் தேடி வந்திருந்தார்கள். கையில் எது கிடைத்தாலும் கேள்வி கேட்பார்கள், கேள்விக்கு முன்னால் அறை விழும். பரணில் இருந்ததை இழுத்தேன். கொல்லையில் புதைக்கலாம், ஆனால் மண் ஈரம். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. மழைக்குத் தலையில் போடும் சாக்கில் நாம் பால் தடவிக் காயவைப்போமே, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காதே! அன்றைக்கு வெட்டிய பால் வாளியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கடிதங்களைச் சாக்கில் சுற்றி, வாளியில் முக்கி எடுத்து, மரவள்ளிப் பாத்தியில் புதைத்துவிட்டேன். என்னைப்போல் சாமர்த்தியசாலி உண்டா என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் தோண்டினால் ஒரு ரப்பர் கட்டி வந்தது. தடவிக் காயவைப்பது வேறு, முக்கிப் புதைப்பது வேறு. பால்மரக் காட்டிலேயே பிறந்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று. பால் சாக்கைத் தாண்டி உள்ளே இறங்கி, பக்கங்களையெல்லாம் ஒன்றாகப் பிடித்து உறைந்திருந்தது. நகத்தை விடக்கூட இடமில்லை.

நீ பங்கை வாங்க வந்தபோது நான் கூசாமல் பொய் சொன்னேன். "சோதனையில சப்பான்காரன் எடுத்துட்டுப் போயிட்டான் புள்ள."

நீ அழுவாய், நானும் சேர்ந்து அழுதுவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்தேன். நீயோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாய். "தோட்டத்து ஆபீஸ்லதான் இருக்கும். போயி கேக்கறேன். தமிழ்ல இருக்கற வேதம் அவனுக்கு என்னாத்துக்கு? கேட்டா குடுத்துருவான் லா."

சொல்லிவிட்டு நடக்கவே ஆரம்பித்தாய். முந்தின வாரம்தான் அரிசிப் பங்கு குறைகிறது என்று அதே ஆபீசில் கேட்கப்போன ஒரு மனிதரை மரக்கட்டையைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து வெயிலில் நிற்கவைத்திருந்தார்கள். அவர் விழுந்த பிறகும் அடித்தார்கள். நீ போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் நாக்கு எழவில்லை. நீ மேட்டில் ஏறி, வளைவில் திரும்பி மறையும்வரை வாசலிலேயே நின்றேன். வெட்கத்தைச் சொல்கிறேன். உன் உயிரைவிட என் மானம் பெரிதாக இருந்தது அந்த ஐந்து நிமிஷம்.

பிறகு ஓடினேன். வாளிக்குள் அந்தக் கட்டியைப் போட்டுக்கொண்டு, பால்மர நிரைகளுக்குக் குறுக்கே விழுந்தடித்து ஓடினேன். ஆபீஸ் கொடிக்கம்பம் தெரிகிற இடத்தில் உன் கையைப் பிடித்தேன். மூச்சு வாங்க வாளியை நீட்டினேன்.

நீ எட்டிப் பார்த்தாய். கட்டியை எடுத்து முகர்ந்தாய். கோபம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயோ புள்ள, வேதத்தப் புடிச்சி ரப்பர் சீட்டு போட்டுட்டியே! புகையில காட்டி வித்துரலாமா?"

அந்த இடத்தில், கொடிக்கம்பத்துக்கு இந்தப் பக்கம், வாயைப் பொத்திக்கொண்டு நீ சிரித்தாய். நான் அழுதேன். திரும்பி நடக்கும்போதுதான் கேட்டாய், "சரி, இதுக்குள்ள என்ன எழுதியிருக்கு, சொல்லு. நாம எழுதி வச்சுக்கலாம்."

"தெரியாது."

"ஒரு மாசம் ஒன் வீட்டுல இருந்திச்சே?"

"தொறக்கவே இல்ல. எம் புருஷன லாரியில ஏத்தினப்ப சும்மா பாத்துக்கிட்டிருந்த ஆண்டவரு. அவருகிட்ட எனக்கு என்ன பேச்சு?"

நீ உபதேசம் செய்திருந்தால் நான் அன்றே போய்விட்டிருப்பேன். நீயோ கட்டியை வாளிக்குள் போட்டு, வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். "கோவம்னா கோவத்தைச் சொல்லு புள்ள. பேசாம மட்டும் இருக்காத," என்றாய். அவ்வளவுதான் உன் பிரசங்கம். நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் சின்னது.

மறுநாள் மத்தியானத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தோம். தினமும் விடியலில் வெட்டுக்கு முன்னால் ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி உரிக்கிற கைகள்தானே நமக்கு. ஓரத்தில் நெம்பி, கட்டைவிரலால் உருட்டி உருட்டி, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வந்தால் பெரிய காரியம். சில இடங்களில் மையும் ரப்பரோடு உரிந்து வந்தது. அப்போது அந்தத் தோலில் எழுத்துகள் வலம் இடமாகத் திரும்பி இருக்கும். என் வீட்டுக்காரரின் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து நான் பிடிப்பேன், நீ அதில் பார்த்து வாசிப்பாய். பாதியில் நின்றுபோன வரிக்கு அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று தெரிய, முன்வரியையும் பின்வரியையும் நானே வாசிக்க வேண்டியிருந்தது. வாசிக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள், ஒரு வார்த்தைக்காக ஒரு பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். விலங்கு போட்ட கையால் ஒருவர் இவ்வளவு சந்தோஷமாக எழுத முடியுமா என்று எனக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தைத்தான் முதலில் ஆண்டவரிடம் சொன்னேன். பிறகு கோபத்தையும் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து ரப்பரை உருட்டிக்கொண்டேயிருந்தாய்.

ஒரு பக்கத்தில் மட்டும் காகிதமே கிழிந்து வந்துவிட்டது. அந்த மனிதர் தான் ஜெபத்தில் நினைக்கிறவர்களைப் பெயர் சொல்லி எழுதுகிற இடம். ஓட்டைக்கு அந்தப்பக்கம் யார் பெயர் என்று உனக்கும் ஞாபகமில்லை. பின்னால் ஒரு துண்டுக் காகிதத்தைக் கஞ்சியால் ஒட்டினாய். "பேரு வர்ற எடம். ஒன் வீட்டுக்காரர் பேரை எழுது," என்று பென்சிலை நீட்டினாய். எழுதினேன்.

மாசம் முடிந்து பன்னிரண்டு நாள் தாமதமாக அந்தப் பங்கு ஞானம்மா அக்கா வீட்டுக்குப் போனது. என்ன நடந்தது என்று எல்லா வீட்டிலும் நானே சொன்னேன், பொய்யையும் சேர்த்து. அக்கா அதை வாங்கி, அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார். மறுவாரம் தேவசகாயத்துக்குப் பக்கத்தில், லாரியில் போன அக்கா மகனின் பெயரும் இருந்தது. அப்படியே வீடு வீடாகப் போயிற்று. கடைசியில் உன் முறை. நீ என்ன எழுதினாய் என்று காட்டவில்லை. தம்பி பெயராகத்தான் இருக்கும் என்று நானும் கேட்கவில்லை.

சப்பான் சண்டை முடிந்தது. எழுதிய பெயர்களில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். உன் தம்பி வந்தான். தேவசகாயம் வரவில்லை. நீ புத்தகத்தைத் திரும்பத் தைத்தாய், நான் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு அலோர் ஸ்டாருக்கு வந்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலையில் சேர்ந்தேன். ஜெபம் நிற்கவில்லை. பார்க்க ஆள் வராத கட்டில்களில் கிடப்பவர்களிடம் பெயர் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன். வீட்டில் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஆண்டவரிடம் சொல்வேன், அவர்களுக்கு மறுநாள் என்ன செய்யவேண்டும் என்றும் யோசிப்பேன். முப்பது வருஷம் அதுதான் என் ஊழியம். என் வீட்டுக்காரர் வராததற்கு இன்றும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கேட்பதையும் விடவில்லை. கேட்கிற இடம் சரியான இடம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

நேற்று உன் மகன் கிளம்பும்போது கேட் அருகே நின்றுவிட்டான். கார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மா போனதுலேர்ந்து நான் ஜெபமே பண்றதில்ல ஆன்ட்டி. மனசு வரல லா. எவ்ளோ கஷ்டப்பட்டாங்க அந்தக் கடைசி மாசம். எதுக்குன்னு கேட்டா யாரும் சொல்லமாட்டேங்கறாங்க."

நான் யோசிக்கவேயில்லை. என் வாயிலிருந்து நீதான் பேசினாய்: "கோவம்னா கோவத்தைச் சொல்லுப்பா. பேசாம மட்டும் இருக்காத." அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். "அம்மாவும் இப்டித்தான் சொல்வாங்க," என்றான். காரில் ஏறி, கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகுதான் போனான்.

உள்ளே வந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ரப்பர் கறுத்துப் பொரிந்து கிடக்கிறது, பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது, ஆனால் எல்லாம் தெரிகிறது. தேவசகாயம். ஞானம்மா அக்காவின் மகன். மற்ற வீட்டுப் பெயர்கள். கடைசியில் உன் கோணல் கையெழுத்தில் உன் தம்பி. அதற்குப் பக்கத்தில், அதே மங்கிய பென்சிலில், என் பெயர்.

லாரி ஏற்றிக்கொண்டு போகாமலே காணாமல் போனவள் நான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

அழுதுமுடித்துவிட்டுப் பென்சிலைச் சீவினேன். என் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருந்தது. உன் மகன் பெயரை எழுதியிருக்கிறேன். இந்த ஒரு மாதம் நான் வாசிப்பேன். மாசம் முடிந்ததும் புத்தகம் அவன் வீட்டுக்குப் போகும்.