மேனேஜர் மேல் போட்ட பழி

அன்புக் குட்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பெண்களும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கை இந்தத் தடவை அதை எழுத மறுக்கிறது. பதறாதே, உட்கார்ந்து முழுவதையும் படி, படித்து முடிக்கும்வரை போனைத் தொடாதே. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வீட்டுப் போன் உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் போனில் பேசலாமென்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ அப்பாவைக் கூப்பிட்டு விசாரணையை ஆரம்பித்துவிடுவாய், உன் அவசரம் எனக்குத் தெரியாததா, அது அவர் கொடுத்த சொத்து. அதனால்தான் கடிதம்.

மேனேஜரிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாம் அவனிடமிருந்துதான் தொடங்கியது. காலையில் எழுந்ததும் அறை அறையாகப் போய் மூக்கை ஆட்டிச் சரிபார்த்துவிட்டு வருகிறானே என்றுதானே உன் முயலுக்கு அந்தப் பெயரை வைத்தாய், இப்போது அந்த நடை போய்விட்டது, கூண்டு வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறான். மழை பிடித்த சமயத்தில்தான் முதலில் கவனித்தேன், வால் பக்கத்து முடி எப்போதும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, விலக்கிப் பார்த்தால் தோல் வெந்த மாதிரி சிவந்திருந்தது. கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார், மூத்திரப்பை அடியில் கெட்டியாக வண்டல் படிந்திருந்தது, முதுகெலும்பும் தேய்ந்திருந்தது. "வயசாயிடுச்சும்மா, பை நிறைஞ்சது அதுக்கே தெரியலை, அதான் சொட்டிக்கிட்டே இருக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் பின்பக்கத்தை மட்டும் துடைக்க வேண்டும், முழுக்கக் குளிப்பாட்டக் கூடாது, ஈரம் துளியும் நிற்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், முடியை ஒட்டக் கத்தரித்துக் களிம்பு தடவ வேண்டும், ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் ஆளை முடித்துவிடுமாம். கூண்டில் உறிஞ்சுகிற விரிப்பு, அதன்மேல் மெத்தென்ற துணி. வலி மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள் என்றாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்துப் பெட்டியில் இருந்த தாளை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். வீட்டுக் கணக்கு நோட்டில் அவன் குடிக்கும் தண்ணீருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு "எனக்கு ஒரு பக்கமாவது இருக்கா அதுல" என்று கேட்டார்.

அவர் வேலையிலிருந்து வந்ததும் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்துவிடுவார், அது நீ இருந்தபோதும் உண்டு. மழைக்குப் பிறகு அந்த நாற்காலி மெத்தையும் அவர் பேண்ட்டும் அடிக்கடி நனைந்தன. "மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டார்" என்பார், நானும் சிரித்துக்கொண்டே உருவிக்கொண்டு போய்த் துவைப்பேன். முயல் மூத்திரம் காய்ந்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளையாகப் படியும் என்பது துவைக்கிற எனக்குத் தெரியும், கூண்டு விரிப்பில் அது இருந்தது, மெத்தையில் இல்லை. தீனி மாற்றினோமே, அதனால் குறைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது கூண்டில் ஈரம் குறைந்துவிட்டது, ஆனால் மடியில் வைத்தால் மட்டும் ஊற்றிவிடுகிறான் என்று நான்தான் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அது எப்படிம்மா மடியில மட்டும் என்று கேட்டார், கேட்டுவிட்டு மருந்தைக் கூட்டினார். கூட்டிய மருந்தில் மேனேஜர் துவண்டுபோனான், கீரையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். கடைசியில், இதற்குமேல் அந்த ஜீவனைப் படுத்த வேண்டாம், அடுத்த வாரம் கொண்டு வாருங்கள், அப்போதும் நனைவது நிற்கவில்லையென்றால் ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாம் என்றார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பாதான் சொன்னார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் தையல்காரம்மா, கூண்டு அளவுக்குத் துணி உறை தைத்துத் தருகிறேன், மேனேஜரையும் கூண்டையும் அனுப்பி வை, அளவெடுத்துவிட்டுக் காலையில் தருகிறேன் என்றாள். மத்தியானமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். உன் அப்பா சாயந்திரம் தலைவலி என்று விளக்குப் போடாமலே நாற்காலியில் சாய்ந்தவர் அங்கேயே தூங்கிவிட்டார். காலையில் நான் டீ கொண்டுபோகும்போது எழுந்து நின்று பேண்ட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மேனேஜர் இன்னைக்கும் கையெழுத்துப் போட்டுட்டார் போல" என்றார். மேனேஜர் எதிர்வீட்டில் இருக்கிறான், குட்டி. கூண்டு இருந்த மூலை காலியாக இருக்கிறது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அந்த மூலையைப் பார்த்தார். கழற்றிப் போடுங்கள், துவைத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் காதுமடல் சிவந்துபோயிருந்தது.

அத்தோடு நின்றிருந்தால் வயதான மனுஷன், வெட்கப்படுகிறார், பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். அன்று களிம்பு வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே கல்லாவில் நிற்கிற பெண் டிரைவிங் ஸ்கூலில் உன் அப்பாவிடம்தான் கார் ஓட்டப் பழகுகிறாள். மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "சாருக்கு உடம்பு எதுவும் சரியில்லையாம்மா" என்று கேட்டாள். ஏன் என்றேன். "நான் பதறுறதுக்கு முன்னாடியே சார் அவர் பக்கத்து பிரேக்கை மிதிச்சிடுவாரும்மா, அந்த தைரியத்துலதான் ஓட்டுவேன். போன வாரம் ஒரு அம்மா குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு குறுக்க வந்துட்டாங்க. நான் கத்துறேன், சார் மிதிச்ச மாதிரியே உக்காந்திருக்கார், குனிஞ்சு பார்த்தா கால் பெடல் மேலேயே இல்லை. நான்தான் கை பிரேக்கை இழுத்தேன். அப்புறம் எனக்குக் கவனமே இல்லைன்னு திட்டினார், நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன், சார்கிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்றாள். கார் எவ்வளவு கிட்டத்தில் நின்றது என்று கேட்டேன். அவள் பதிலுக்குக் கல்லாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காட்டினாள். வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக வந்தேன் என்று இப்போதும் ஞாபகமில்லை.

டாக்டரம்மாவிடம் போகிற நாள் வந்தது. உன் அப்பாவே மேனேஜரைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டார், வழியெல்லாம் காதைத் தடவிக்கொண்டே வந்தார். வாயைத் திறப்பார், இந்த ஜீவனுக்காகவாவது திறப்பார் என்று நினைத்தேன். டாக்டரம்மா நனைவது நின்றதா என்று கேட்டதும் உன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்ல டாக்டர், அப்படியேதான் இருக்கு, முடிச்சிடுங்க" என்றார். நீ பால் புட்டி வைத்து வளர்த்ததை, அவரே தன் தட்டிலிருந்து கேரட் ஊட்டியதை, முடித்துவிடுங்கள் என்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த அளவுக்கு மறைக்க வேண்டுமென்றால் இவருக்கு உள்ளே எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போக எழுந்தார், நான் கதவை மறித்துக்கொண்டு, "அது நனைக்கலை டாக்டர், நான்தான் தப்பா சொல்லிட்டேன், வேற ஒரு தண்ணி கசிவை இதுன்னு நினைச்சுட்டேன், இதுக்கு மருந்தைக் குறைச்சுக் கொடுங்க போதும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். உன் அப்பாவின் ஒரு செருப்பு வாசலருகே கழன்று கிடந்தது, அது கழன்றதே தெரியாமல் உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார்.

மருந்துச்சீட்டு வாங்க நான் மட்டும் பின்தங்கியபோது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மிருகங்களுக்குத்தான் டாக்டர், என் பேச்சை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ஆனா நரம்பு அழுந்தினா இப்படித்தான் கால் மரத்துப் போகும், கட்டுப்பாடும் போகும். நாள் கடத்தினா போனது திரும்ப வராது. மனுஷ டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் நேராகவே சொல்லிவிட்டேன், எனக்கு எல்லாம் தெரியும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று. உட்கார்ந்து உட்கார்ந்து ஓட்டினால் கால் மரக்காதா என்றார், எல்லோருக்கும் வருவதுதான் என்றார், இப்போது பழகுகிற கூட்டம் லைசென்ஸ் வாங்கட்டும் என்றார். நான் விடவில்லை. "குட்டி வரட்டும், அவ வந்தா அவகூடப் போறேன், சத்தியமா போறேன்" என்றார். வருடக் கடைசிக்கு முன் உனக்கு லீவு கிடைக்காது என்று தெரிந்துகொண்டு கொடுத்த சத்தியம் அது.

நேற்று சமையலறையில் கண்ணாடி டம்ளர் ஒன்று என் கை தவறி உடைந்தது. பெருக்கி அள்ளிவிட்டேன், ஒரு சில்லு தப்பியிருக்கிறது. உன் அப்பா வெறுங்காலோடு வந்து தண்ணீர் குடித்துவிட்டு மேனேஜரைப் பார்க்கப் போனார், அங்கிருந்து குளியலறைக்குப் போனார், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். நான் கூடத்துக்கு வந்தால் தரை முழுக்க, அவர் போன வழியெல்லாம், வலது பாதத்தின் சிவப்புத் தடம். சில்லு காலிலேயே இருந்தது. நான் கீழே உட்கார்ந்து பிடுங்கி எடுத்தேன், அவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்து, "என்ன பண்றே கீழே" என்று கேட்டார். காயத்தைக் காட்டியபோது அவர் கண்ணில் பார்த்ததை உனக்கு எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அப்படியும் இன்று காலை கட்டுக்கு மேல் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நீ உடனே கிளம்பி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது இப்போதும் உண்மைதான், எப்படியாவது லீவு கேள். ஆனால் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே பயிற்சிக் கார் நம் தெரு வழியாகப் போனது. யார் வீட்டுப் பிள்ளையோ, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான், பக்கத்தில் உன் அப்பா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார். அந்தப் பிள்ளை அவர் காலை நம்பி ஓட்டுகிறான். நாள்தோறும் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து, தெருவில் போகிற எல்லோரையும் காப்பாற்று கடவுளே என்று கேட்கிறேன், இந்த வாரம் முழுக்க அந்த வார்த்தை தொண்டைக்கு மேலே வரவில்லை. காப்பாற்றுகிற வார்த்தையை நானே வாய்க்குள் வைத்துக்கொண்டு கடவுளிடம் போய் எப்படிக் கேட்பது. நீ லீவு கேட்டு, டிக்கெட் கிடைத்து, வந்து சேரும்வரை இதைத் தள்ளிப்போட எனக்கு உரிமையில்லை. இதை ஒட்டித் தையல்காரம்மாவிடம் கூரியருக்குக் கொடுத்துவிட்டு நேராக டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் போகிறேன். அவரைக் காரிலிருந்து இறக்குங்கள், ஆஸ்பத்திரியில் காட்டிச் சரி என்று சொல்லும்வரை ஏற்றாதீர்கள் என்று சொல்லப்போகிறேன். வேலை போகலாம், போகட்டும்.

இது உன் கைக்கு வரும்போது அவர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருப்பார். உன்னோடு பேசுவார். ஊர் முன்னால் என்னை அசிங்கப்படுத்திவிட்டாள் உன் அம்மா என்பார், இன்னும் கடுமையாகவும் சொல்வார், நீ எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே, சொல்லி முடிக்கட்டும். ஸ்பீக்கர் வேண்டாம், காதில் வைத்துப் பேசுங்கள் அப்பா என்று சொல். பிறகு, வலது கால் கட்டை விரலைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டுங்கள் என்று கேள். யாருக்குத் தெரியும், யார் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, தன் காலைத் தானே பார்க்கட்டும். உன்னிடம் பொய் சொல்ல அவருக்கு வராது, சொல்லாமல் இருப்பார். அவர் மௌனமாக இருக்கிற அந்த நேரம் எவ்வளவு நீண்டாலும் நீ போனை வைத்துவிடாதே.

குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்தால் தனியாக நடந்து வராதே. மருந்தைக் குறைத்ததிலிருந்து மேனேஜர் இலையைக் கொறிக்கிறான், பின்னங்கால்தான் இழுக்கிறது, அவனையும் பார்த்துக்கொள்கிறேன். கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், போகிற வழியிலும் வருகிற வழியிலும் உனக்குத் துணையாக இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, வருகிற தேதியை அவரிடம் சொல்லாதே, என்னிடமும் சொல்லாதே, என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வந்து கதவைத் தட்டு, அவரே வந்து திறக்கட்டும், எப்படி நடந்து வருகிறார் என்று கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேள்.

உன் வரவுக்காக நாளெல்லாம் வேண்டிக்கொண்டிருக்கும்,
அம்மா