காலமானவர் போட்ட கையெழுத்து

டாக்குரியா, கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை

என் பிரியமானவருக்கு, ஜலஜா எழுதிக்கொள்வது.

நானும் குழந்தை மாதவியும் சௌக்கியம். போர்ட் பிளேர் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியிலேயே வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

போன வாரம் பேப்பரில் நம் குடியிருப்போர் சங்கத்தின் அறிக்கை வந்தது. ஸ்டேஷன் பக்கத்து நடைபாதைக் கடைகளை எடுக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டவர்கள் ரிட்டையர்ட் ஜட்ஜ், இரண்டு டாக்டர்கள், நாடக இயக்குநர் என்று எல்லாம் பெரிய புள்ளிகள். கடைசியில் ‘ஜெ. ராகவேந்திரன், வங்கி அதிகாரி’. முந்தின நாள்வரை காய்கறிக்கார மேக்னா தீதியிடம் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிய நம் பிளாட்காரர்கள், மறுநாளே நகரத்தின் அழகு, ஒழுங்கு என்று ஜட்ஜ் எழுதியதைத் தங்கள் சொந்த அபிப்பிராயம் மாதிரி பேச ஆரம்பித்தார்கள். தீதி என் முகத்தையே பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக் கடை.

பிறகுதான் அந்தப் பெயரை நிதானமாகப் பார்த்தேன். இந்த ஊரில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, நம் பெயரை இனிஷியலாகச் சுருக்கிவிடுகிறார்களே! ஜெய்ராமாகிய உங்களைக் காணோம். கையெழுத்துப் போட்டிருப்பது உங்கள் அப்பா. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் முப்பது வருஷம் யூனியன் கொடி பிடித்தவர்!

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் அரைகுறை பெங்காலியில், ராகவேந்திரன் என் மாமனார், போய் ஏழு வருஷம் ஆகிறது, எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு டாக்டர், தன்னையும் யாரும் கேட்கவில்லை என்றார். நாடகக்காரர் குப்பைத்தொட்டி விஷயம் என்று நினைத்துச் சம்மதித்தாராம். நேற்று அறிக்கையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். கடைகளுக்கு ஆபத்தில்லை. இப்போது அதே பிளாட்காரர்கள், ஏழைகள் பாவம் என்கிறார்கள். எப்படியோ போகட்டும், ஒரு வாரம் கழித்து இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது செயலாளர் என்னைத் தனியாக அழைத்தார். போன மாதம் உங்களுக்குப் போன் செய்தாராம். இத்தனை பெரியவர்கள் போடும்போது என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றீர்களாம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜெய்ராம் தாதாவின் பெயரை அநியாயமாக இழுத்துவிட்டார்களே என்று தீதிதான் உங்களுக்காக வருத்தப்படுகிறாள்.

பூஜை லீவில் வரும்போது அவள் கடைக்கு நீங்களே போய்வாருங்கள். நான் கூட வரமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜலஜா