என் சட்டையில் போனவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன், சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் செத்துவிட்டதாகத் தந்தி வந்திருந்தால் கிழித்துப் போடு. குண்டுபட்டுப் போனது என் சிநேகிதன், அந்த ஒயர்லெஸ்காரன். விடியற்காலை சைரன் அலறியதும் அவசரத்தில் என் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். அதில் என் பட்டாள நம்பர் இருந்தது.

“உன் சட்டை அவன்மேல எப்படிடா வந்துச்சு?” என்றார் அதிகாரி.

“கொடியில மாறிடுச்சு சார்.”

கொடியில் மாறவில்லை அம்மா. ராத்திரி முழுக்க அவன் அறையில் இரண்டும் ஒரே ஆணியில் தொங்கின. வெளியே தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார்கள்.

அவன் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன். மேல் பொத்தான் இல்லை, ஒன்று அனுப்பு.

எனக்காக அழுதிருப்பாய். அது அவனுக்கே இருக்கட்டும். அவனுக்கு அம்மா இல்லை, நான் இங்கே அழக்கூடாது.

ஊர்ப்பக்கம் வரும் லாரிக்காரர் கடிதத்துக்குக் கை நீட்டுகிறார்.

உன் மகன்