கார்டில் பதிந்த மூச்சு

அடுகோடி, பெங்களூர்
ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

இந்தப் பார்சலைப் பிரித்ததும் ரப்பர் மூக்கு ஒன்றும் அதிலிருந்து தொங்கும் நீளக் குழாயும்தான் முதலில் உன் கண்ணில் படும். பயந்துவிடாதே. போனில் நாம் அரையும் குறையுமாகப் பேசிய விஷயம் இதுதான். பெட்டி கைக்கு வந்ததும் “மாம்பழம் வந்தது” என்று மட்டும் மெசேஜ் போடு. அண்ணன் மகள் என் போனை எடுத்துத்தான் விளையாடுகிறாள். அவளுக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

எடை குறைக்கும் ஆபரேஷன் என்றால் ஒரு நாள் போய்ப் படுத்து எழுந்து வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படுப்பதற்கு முன்னால் பதினான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் ஷில்பா என்றொரு பெண் இருக்கிறாள். எங்கள் ஃபைல்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பச்சைப் பேனாவால் டிக் போடுவாள். மூன்று மாதச் சாப்பாட்டுக் குறிப்பு, எண்டோஸ்கோபி, இருதயப் பரிசோதனை, ஐந்து கிலோவாவது தானே குறைத்துக் காட்டுவது, ஆபரேஷன் முடிந்தவர்களோடு மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பேசுவது. மனநல மருத்துவர் ஒரு முழு மணி நேரம் கேள்வி கேட்டார். இதை யாருக்காகச் செய்துகொள்கிறீர்கள் என்றார். எனக்காக என்றேன். கொஞ்சம் தாமதித்துச் சொன்னேன் போலிருக்கிறது, எதையோ குறித்துக்கொண்டார்.

வீட்டிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதும் ஒரு கட்டம். ரகு அண்ணன் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு எல்லாம் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும், “சோத்த கொஞ்சம் கம்மி பண்ணா ஆகாதா? சும்னே எதுக்கு வயித்த அறுக்கணும்?” என்றான். வீட்டுக்கு வந்து வீணா அண்ணியிடமும் அதையே சொன்னான். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே, “நம்ம ரெண்டாவது மாடிக்கு அவ எத்தன எடத்துல நின்னு நின்னு வர்றான்னு உங்களுக்குத் தெரியுமா? நாலு எடம். பண்ணிக்கட்டும் விடுங்க” என்றாள். மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

பதினோராவது கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு ராத்திரி அங்கேயே படுக்க வைத்து, தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு அறுபத்தொரு தடவை எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். பஸ்ஸில் நின்றுகொண்டே நான் தூங்குவது ஏன் என்று இப்போது புரிகிறது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் முப்பது இரவு, இரவுக்கு நாலு மணி நேரமாவது இந்த மாஸ்க்கைப் போட்டுத் தூங்கியிருக்க வேண்டும். போட்டேனா இல்லையா என்பது, தொண்டை அடைக்காமல் குழாய் வழியே காற்று ஊதும் மெஷினுக்குள் இருக்கும் சின்ன கார்டில் பதிந்துவிடும். நானும் பன்னிரண்டு இரவு பார்த்துவிட்டேன் ஸ்வர்ணா. யாரோ கையால் முகத்தைப் பொத்தி, அந்தக் கைக்குள்ளேயே ஊதுவது போல இருக்கிறது. தூக்கத்திலேயே பிய்த்து எறிந்துவிடுகிறேன். அதிகபட்சம் முப்பத்தெட்டு நிமிடம். பழகும் நாட்கள் என்று அவை கணக்கில் சேராதாம்.

இந்த வழியைக் காட்டியவர் டிரேவர் அங்கிள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர். காக்ஸ் டவுன்காரர், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நூற்று நாற்பது கிலோ. “நான் விசில் ஊதுனா பசங்க ஓடுவானுங்க, நான் ஓடுனா பசங்க விசில் ஊதுவானுங்க” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்மா, கார்டு மணிதான் எண்ணும், மூஞ்சியப் போட்டோவா எடுக்கும்? என் வீட்ல மேரிதான் மாட்டிக்கினு தூங்குறா” என்றார். எனக்கு அப்படி மாட்டிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது உன் ஞாபகம் வந்தது. ஹாஸ்டலில் நான் அத்தனை குறட்டை விட்டும் அசையாமல் தூங்கியவள் நீ ஒருத்திதான்.

பம்புகளுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறவள் நான். இதற்கும் சுருக்கமாகவே எழுதுகிறேன். மெஷினின் டப்பாவில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்று. வாரைக் காதுக்குக் கீழே கொண்டுவந்து மாட்டு. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும், காற்று எவ்வளவு வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். கார்டை வெளியே எடுக்காதே. நீ பாடம் நடத்தப் பள்ளிக்குப் போகும்போது மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டு. முப்பது இரவு முடிந்ததும் தேனியிலிருந்து வரும் ஆம்னி பஸ்ஸிலேயே போட்டுவிடு. மடிவாளாவில் எடுத்துக்கொள்கிறேன்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று போனில் சத்தியம் செய்தாய். உன் கணவரிடம் மட்டும் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. சைனஸ் என்று சொல்லிப் பார்.

உன் தூக்கத்தைக் கடன் கேட்கும்
இளவேனில்

*

அடுகோடி
ஆகஸ்ட் 10, ஞாயிறு

அன்புள்ள ஸ்வர்ணா,

மெஷின் பத்திரமாக வந்தது. அதோடு நீ அனுப்பிய முறுக்கை என்னால் தொட முடியாது. அண்ணன் மகள் ஒரே நாளில் காலி செய்துவிட்டாள். உன் கணவர் தூக்கத்தில் விழித்துப் பார்த்து, “பக்கத்துல யாருடி ஃபைட்டர் பைலட்?” என்று கேட்டதாக நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் சுதீரைப் பார்த்தேன். தூக்கத்துக்கான டாக்டர், இளவயது, அதிகம் பேசாதவர். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவர் நாற்காலியை அப்படியே என் பக்கம் திருப்பினார். “அறுபத்தொண்ணு இருந்தது ரெண்டு ஆயிருக்கு. இப்படி ஒரு ரிசல்ட்ட நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன். வெரி குட் இளவேனில்.” பன்னிரண்டு வயதிலிருந்து எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். என் உடம்பை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. முகம் சூடாகிவிட்டது. வெளியே வந்து லிஃப்டுக்காக நிற்கும்போதுதான் அவர் பாராட்டியது உன் உடம்பை என்று உறைத்தது.

ஷில்பா பதினோராவது கட்டத்தில் பச்சை டிக் போட்டாள். “மேடம், நீங்க நம்ம ஸ்டார் பேஷன்ட். இவ்ளோ நல்லா கன்ட்ரோல் ஆயிருக்கல்லா, ஆபரேஷன் ஆனதும் ஐ.சி.யூ. வேணாம், நேரா ரூமுக்கே போலாம்னு எழுதிட்டாங்க” என்றாள். செப்டம்பர் நாலு, வியாழன், காலை ஏழு மணி. டிரேவர் அங்கிளுக்கு எனக்கு முன்னாலேயே, இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி. அவருக்கும் நேரே ரூம்தான். கூட்டத்தில் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு மாரத்தான் ஓடப்போவதாகச் சொன்னார்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதினால் போய்விடும் என்று எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்த இரவுகளில் நானே இந்த மாஸ்க்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் காற்றழுத்தம் எவ்வளவு வைப்பது என்று கார்டைப் பார்த்து டாக்டர் எழுதிவிட்டார். ஆறு. ஆறு என்பது உன் தொண்டைக்குப் போதுமான காற்று. என்னுடையதற்கு எவ்வளவு வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருப்பதாக அவர் நினைக்கிறார்.

ஒருவேளை நான் அதிகம் யோசிக்கிறேனோ என்னவோ. இதைப் பற்றி இனி படிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ராத்திரி நன்றாகத் தூங்கு, இப்போதாவது மாஸ்க் இல்லாமல்.

நன்றியோடு,
இளவேனில்

*

அடுகோடி
செப்டம்பர் 1, திங்கள்

ஸ்வர்ணா,

நேற்று சாயங்காலம் போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாய். சூப்பராக இருக்கிறேன், வேண்டிக்கொள் என்றேன். அது பொய். போனில் எனக்கு அது மட்டும்தான் வாயில் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நாலு தடவை அடித்து நாலு தடவையும் அழித்துவிட்டேன். கூரியர் பையில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

டிரேவர் அங்கிளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மத்தியானம் வராந்தாவில் நடந்து, வீடியோகூட எடுத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அன்றைக்கு ராத்திரி வலி தாங்கவில்லை என்று ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறார்கள். மாஸ்க்கும் போட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். விடிந்து நர்ஸ் வந்து பார்த்தபோது முகம் நீலமாக இருந்ததாம். இன்றோடு பன்னிரண்டு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். குரூப்பில் முதலில் எல்லோரும் கும்பிடும் கைப் படம் போட்டார்கள். பிறகு ஒருவரும் எதுவும் போடுவதில்லை. எதிர்பாராத சிக்கல் என்று ஷில்பா சொன்னாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது.

எனக்கு அந்த வாரத்திலிருந்து வெறும் புரோட்டீன் பவுடர்தான். ஈரலைச் சுருங்க வைப்பதற்காக. விநாயகர் சதுர்த்தி அன்று அண்ணி கொழுக்கட்டையை என் கண்ணில் படாமல் மேல் மாடி வீட்டுக்கே கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆறு கிலோ குறைந்திருக்கிறது. படியில் இப்போது இரண்டு இடத்தில்தான் நிற்கிறேன். “பரவால்லயே, நெஜமாவே பண்ணிடுவ போலிருக்கே” என்கிறான் அண்ணன். லீவு எடுத்துவிட்டான். எனக்கென்று புதிதாக இரண்டு நைட்டி வாங்கி வைத்திருக்கிறான். அண்ணன் எனக்குத் துணி வாங்கியது இதுதான் முதல் தடவை. அளவு சரியாக இருக்கிறது.

நேற்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மேரி ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்த உடம்பு. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: “பெரிய டாக்டர் கேட்டாரும்மா, வீட்ல மெஷின் ஒழுங்கா போட்டாரான்னு. போட்டார்னு சொன்னேன். நாப்பது நாளும் நாந்தான் போட்டேன். ஒரு நாள் உடாம போட்டேன். இவருக்கு நல்லது பண்றேன்னு நெனச்சி.” பிறகு என் பக்கம் திரும்பினார்கள். “நீ உன்னுது போட்டியாம்மா?”

போட்டேன் ஆன்ட்டி என்றேன்.

என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “குட் கேர்ள்” என்றார்கள்.

அங்கிருந்து எழுந்து, சொல்லிவிடுவது என்றுதான் ஷில்பாவின் மேஜைக்குப் போனேன். ஞாயிறென்றாலும் இருந்தாள். என் ஃபைலைத் திறந்து காட்டினாள். பதினான்கு பச்சை டிக். இன்ஷூரன்ஸ் ஒப்புதலும் வந்துவிட்டது. அது பதினைந்தாம் தேதி வரைதான் செல்லும். சொன்னால் பதினோராவது கட்டம் திரும்பவும் முதலிலிருந்து. அதற்குள் ஒப்புதல் காலாவதியாகிவிடும். அக்டோபரில் கம்பெனி வேறு இன்ஷூரன்ஸுக்கு மாறுகிறது. புதியதில் இந்த ஆபரேஷன் கிடையாது. இனி ஒரு தடவை எனக்கு இது நடக்காது ஸ்வர்ணா. “என்ன மேடம், ஏதாவது டவுட்டா?” என்று கேட்டாள். புதன்கிழமை வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். பேஸ்மென்ட் இரண்டு என்றாள்.

என் வேலையில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டிருக்கிறேன். கையேட்டில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை என்று நாங்கள் அச்சிடும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் இருக்கிறார். ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று எழுதியிருந்தால், யாரோ ஒருவர் திறந்திருக்கிறார். இந்தப் பதினோராவது கட்டத்துக்குப் பின்னாலும் யாரோ இருந்திருப்பார்கள். அவர் பெயர் தெரிந்திருந்தால் நான் ஏமாற்றியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். இப்போது ஒரு பெயர் தெரியும். அப்படியும் வாய் வரவில்லை. மூன்று நாள் கழித்து அவர் படுத்திருந்த அதே தளத்தில், உன் தொண்டைக்கு அளந்த காற்றோடு நான் தூங்கப்போகிறேன். அதை நன்றாகத் தெரிந்துகொண்டே நைட்டியை மடித்துப் பையில் வைக்கிறேன். இதை என்னவென்று சொல்வது? பேராசை என்றால் சாப்பாட்டில்தான் எனக்கு என்று நினைத்திருந்தேன்.

நான் சொல்லமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானம் அட்மிட் ஆகி, கையில் பட்டை கட்டிக்கொண்டு, கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவேன். அதனால் நீ சொல்லிவிடு. இந்தத் தாளின் பின்பக்கம் ஷில்பாவின் நம்பரும் டாக்டர் சுதீரின் அறை நம்பரும் எழுதியிருக்கிறேன். கார்டில் இருக்கும் முப்பது இரவும் உன் மூச்சு என்று மட்டும் சொல். டிரேவர் அங்கிளின் கார்டையும் திரும்பப் பார்க்கச் சொல். மேரி ஆன்ட்டியைத் திட்ட வேண்டாம் என்றும் சொல்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று செய்தாயே சத்தியம், அதை வாங்கியவள் நான். நானே திருப்பித் தருகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் வரும். ஒரு மாதம், ஒருவேளை ஒரு வருடம் உன்னோடு பேசமாட்டேன். அதைப் பொறுத்துக்கொள்.

இன்னொன்று. நாளைக்கே நான் போன் செய்து, ஒரு கவர் வரும், பிரிக்காமல் கிழித்துப் போட்டுவிடு என்று சொன்னாலும் சொல்வேன். சிரித்துக்கொண்டே சொல்வேன். கேட்காதே.

கூரியர் கவுன்டரில் இருப்பவரிடம் தேனிக்கு எப்போது போய்ச் சேரும் என்று கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். “புதன்கெழம போயிடும்மா, மழை இல்லன்னா” என்றார். இங்கே இரண்டு நாளாக விடாமல் பெய்கிறது. அங்கே எப்படி என்று தெரியவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிடு ஸ்வர்ணா. வீட்டிலேயே இரு. கதவைத் தட்டினால் உடனே போய்த் திற.

இளவேனில்