வெறுங்கையோடு வா

அன்புள்ள தம்பிக்கு, அண்ணி எழுதுவது.

இங்கே நாங்கள் நலம், அங்கே உன் நலம் எப்படி என்று முதலில் எழுத வேண்டும். எழுதவில்லை. முதல் பாதி பொய். இரண்டாவது பாதிக்கு எனக்கு நேற்றே பதில் கிடைத்துவிட்டது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேச்சை எடுத்ததும் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. அது எப்படி நான் திட்ட ஆரம்பிக்கும்போது மட்டும் போகிறது என்று உன் கம்பெனி இஞ்சினியரிடம்தான் கேட்க வேண்டும். அதனால் தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் வாயாடி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். படிக்காமல் எடு என்று சொல்லியிருக்கிறேன். உன் அண்ணன் மகள்தானே, படித்துவிட்டுத்தான் எடுப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வெல்டர் போன வாரம் வந்து சேர்ந்தார். நேற்று தையல் கடைக்கு ஒரு பேண்டோடு வந்தார். இடுப்பைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். டேப் வைத்துப் பார்த்தால் மூன்றரை அங்குலம் பிடிக்க வேண்டியிருக்கிறது. என்ன அண்ணே, அங்கே சோறு போடவில்லையா என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

ஆறு மாதமாக உங்களுக்குச் சம்பளம் இல்லை. கட்டடம் ஒன்பதாவது மாடியோடு நின்றுவிட்டது. முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கேம்ப் சமையலறையைப் பூட்டி இரண்டு மாதம் ஆகிறது. தண்ணீர் வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. பாக்கிச் சம்பளம் எதுவும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தருகிறார்கள். அதற்கும் இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். வெல்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். போட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் பதினேழு பேரில் நீயும் ஒருவன். இதுதானே நிலவரம்? ஒன்றாவது தப்பாக எழுதியிருந்தால் சொல்.

இன்று செவ்வாய்க்கிழமை. அதனால்தான் இந்த அவசரம்.

எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டு மாதமாக நீ வீடியோவில் வரும்போதெல்லாம் அந்த நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறாய். அது நான் தைத்த சட்டை. உன் கழுத்துக்குப் பதினைந்தரை வைத்துத் தைத்தேன். நீ மேல் பட்டனைப் போட்டிருக்கிறாய், ஆனாலும் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். உன் அண்ணனிடம் சொன்னேன். கேமரா கோணம் அப்படித் தெரியும் என்றார். பதினெட்டு வருஷமாகக் கழுத்தளவு எடுக்கிறவளுக்குக் கேமரா கோணம் சொல்லித் தருகிறார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

நீ மட்டும்தான் வேஷம் போட்டாய் என்று நினைக்காதே. உன் அண்ணனும் போடுகிறார். அவருக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. செலவைக் குறைக்கிறோம் என்று அரசாங்கம் அறிவித்த மறுவாரமே குடிநீர் நிலையத்தில் ஒப்பந்த ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். பதினொரு வருஷம் பம்ப் ஓட்டினவர். ஒரு தாளைக் கையில் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, அங்க மனசு விட்டுடுவான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அன்றிலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் வேலைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன் என்கிறார். சட்டை மட்டும்தான். கீழே லுங்கி. நீ அங்கே நீலச் சட்டையில் ஓவர்டைம் கதை சொல்ல, இவர் இங்கே காக்கிச் சட்டையில் ஷிஃப்ட் கதை சொல்ல, நடுவில் நான் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல குடும்பம் நாம்.

இப்போது அவர் என் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் பழகிவிட்டார். ஆரம்பத்தில் அவர் எடுத்த காஜா ஒவ்வொன்றிலும் ஒரு பூனை நுழைந்து வெளியே வரலாம். இப்போது பரவாயில்லை. கரண்ட் பாதி நாள் இருப்பதில்லை, மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடி காலால் மிதிக்கிறேன். யாரும் புதுத்துணி கொண்டு வருவதில்லை. காலரைத் திருப்பிப் போடு, மடிப்பைப் பிரித்து இறக்கு, அப்பா பேண்டைப் பையனுக்கு வெட்டு, இந்த வேலைதான் வருகிறது. இடுப்பைப் பிடிக்கச் சொல்லி ஒரு மாதத்தில் பதினாலு பேர் வந்தார்கள். தளர்த்திக் கொடு என்று ஒருத்தரும் வரவில்லை.

வாயாடிக்குத் தாடையில் மூன்று தையல் போட்டிருக்கிறது. பயப்படாதே, ஆறிவிட்டது. பள்ளிக்கூடப் பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டதால் நடந்து வருகிறாள். வரும்போது கால் தடுக்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், தையல் போட நூல் இல்லை, கையுறை இல்லை, வெளியே கடையில் வாங்கி வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். என்னிடம் எல்லாக் கலரிலும் நூல் இருக்கிறது, எது வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தால் மூன்று நாளாகத் தூங்காதவள் போல இருந்தாள். பிறகு எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. எங்கே எதைப் பேசுவது என்று என் வாய்க்குத் தெரிவதில்லை.

அந்த வாயைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று வெல்டரிடம் கேட்டேன், மற்றவர்கள் வரும்போது எங்கள் பையன் ஏன் அடம் பிடிக்கிறான் என்று. அவர் தயங்கினார். பேண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வெறுங்கையோட வரக்கூடாதுன்னு அண்ணி சொல்லியிருக்காங்கன்னு ஒரே பேச்சா நிக்கிறான்" என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். "போதும்னு தோணுது அண்ணி, வந்துடட்டுமா?" என்று. ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாய். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, வெறுங்கையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன், பெண் கொடுக்கிறவன் மாப்பிள்ளை என்ன கொண்டு வந்தார் என்று கேட்டால் உன் பல்லையா காட்டுவேன் என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு வாயாடி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நேற்றிலிருந்து அந்தச் சிரிப்பைத்தான் நினைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கொஞ்சம் தாமதமாக வந்த சிரிப்பு அது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உனக்கும் எனக்கும் பேச்சே அப்படித்தான். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஏழாம் வகுப்பு. கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கிக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் நின்றாய். இந்த மார்க்குக்குச் சோறு கிடையாது என்று சொல்லிக்கொண்டேதான் தட்டில் இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டேன். அன்றிலிருந்து நம் வழக்கம் அதுதான். நான் திட்டுவேன், நீ சிரித்துக்கொண்டே சாப்பிடுவாய். நேரில் இருந்தால் என் வாயையும் பார்ப்பாய், கையையும் பார்ப்பாய். போனில் கை எங்கே தெரிகிறது? திட்டு மட்டும்தான் உனக்கு வந்து சேர்ந்தது. இது எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்னுடையது, தம்பி. நீ எத்தனை கேலி செய்தாலும் அது என்னுடையதுதான்.

சந்தையில் மூட்டை இறக்கப் போய் நீ மயங்கி விழுந்ததையும் வெல்டர் சொன்னார். அந்த மூட்டைக் கூலியைச் சேர்த்துத்தான் போன மாதம் அனுப்பினாய் என்பதையும் சொன்னார். அந்தப் பணத்தில்தான் நாங்கள் மளிகை வாங்கினோம். நான் அதில் சமைத்து, ருசி பார்த்து, உப்பு குறைகிறது என்று குறை வேறு சொன்னேன். நேற்று இரண்டாவது வாய் எனக்கு இறங்கவில்லை. இனி நீ ஒன்றும் அனுப்பாதே. ஒரு பைசா வந்தாலும் உன்னோடு பேச மாட்டேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். அந்தக் கறுப்பு அதுதான்.

ஆறு மாத உழைப்பை ஒரு கையெழுத்தில் விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கும் வயிறு எரிகிறது. முட்டி தேய உட்கார்ந்து ஒவ்வொரு டைல்ஸாக நீ பதித்த தரை அது. அந்த முதலாளி நன்றாக இருப்பானா? இருப்பான், அவனுக்கு என்ன. கேஸ் நடக்கிறது, பணம் கிடைக்கும் என்று அங்கே ஒருவர் சொல்வதாக வெல்டர் சொன்னார். மூன்று தடவை தேதி தள்ளிப் போய்விட்டதாகவும் சொன்னார். அது வரும்போது வாங்க நீ உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் கணக்குத் தெரியும்.

இங்கே வந்தால் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். புதுவீடு கட்டுகிறவர் இப்போது யாரும் இல்லை. தெருமுனை வீட்டுக்காரர் ஒருவர், குளியலறையில் நாலு டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது, உங்கள் கொழுந்தன் வந்தால் சொல்லுங்கள் என்றார். அந்த நாலு டைல்ஸ்தான் இன்றைய தேதிக்கு உனக்காகக் காத்திருக்கும் வேலை. காஜா எடுக்க இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் உன் அண்ணன் சீனியர், அவர் சொல்கிறபடிதான் கேட்க வேண்டும்.

இதுவரை எழுதியதை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் வேலை போன விஷயத்தை எழுதியதற்குக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. "நானும் சொல்லல, அவனும் சொல்லல. வெக்கப்பட்டே ரெண்டு பேரும் வீணாப்போனோம். வரச் சொல்லு. வந்து நாலு நாள் தூங்கட்டும்" என்றார். காக்கிச் சட்டையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டார்.

பாஸ்போர்ட்டை வாங்கியதும் முதல் பக்கத்தைச் சரிபார்த்துக்கொள், வேறு ஆளுடையதைக் கொடுத்து அலையவிட்டார்களாம். சாமான் எதையும் தூக்கி வராதே. கட்டர், மட்டப்பலகை எல்லாம் அங்கே இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடு. மற்ற பதினாறு பேரிடமும் இதைப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவர்கள் வீட்டிலும் ஒருத்தி என்னைப் போல எதையாவது சொல்லித் தொலைத்திருப்பாள்.

கையெழுத்துப் போட்டதும் போன் செய். போடாவிட்டால் என்னோடு பேசாதே என்று முடிக்கத்தான் நினைத்தேன். எப்போதும் அப்படித்தானே முடிப்பேன். இந்த முறை முடியவில்லை. விளையாட்டுக்குக்கூட இனி உன்னிடம் அப்படி ஒரு வார்த்தை எழுத என் கைக்குத் தைரியம் இல்லை. போடாவிட்டாலும் போன் செய். தினமும் செய். சிக்னல் இல்லாவிட்டாலும் செய், நான் சும்மா காதில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஆனால் போட்டுவிடு, ராசா.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி