காற்று திரும்பும் நேரம்

பங்குனி, வியாழன்.

இன்று ஏழாம் வகுப்பில் கடல் காற்று, நிலக் காற்று நடத்தினேன். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழும்பிப் போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று கடலைப் பார்த்துப் போகிறது. விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான்.

கடைசி பெஞ்சு ரேவதி எழுந்தாள். எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், கரையோரம் நிலக்கரி எரிக்கும் கம்பெனி; அவள் வீடு அதற்கு மேற்கே.

"டீச்சர், அப்போ கம்பெனி கரித்தூள் மத்தியானம்தான எங்க ஊட்டாண்ட வரும்? காத்துல தூசு எவ்ளோன்னு அளக்குறவங்க இன்னாத்துக்கு வெடிகாலைல எங்க மாடில மிஷின வச்சி, எட்டு மணிக்கெல்லாம் தூக்கினு பூட்றாங்க?"

போர்டை அழித்தேன்.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில்தான் சூப்பர்வைசர். அளக்க வருபவர்களைக் கூட்டிப் போவது அவர்தான். சாப்பிடும்போது கேட்டேன்.

"காலைலன்னா வெயில் இருக்காது. அவங்களும் மனுசங்கதான, இன்னா இப்போ?" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். நாளைக்கும் ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறார்.

போன வருஷம் ஒருநாள், காற்று சரியாக எத்தனை மணிக்குத் திரும்பும் என்று என்னைக் கேட்டார். என் பாடத்தில் இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய், கடல், கரை, அம்புக்குறி எல்லாம் வரைந்து, பத்து மணிக்கு மேல்தான் என்று எழுதியும் கொடுத்தேன்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.