பதினான்காம் வண்டியின் வலப்பக்கம்

மோதெனா,
20 அக்டோபர் 1989

அன்புத் தம்பி லெயார்கோவுக்கு,

அக்கா நொரினா எழுதுகிறேன். ரொசாரியோவில் நீயும் எல்விராவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. உன் அத்தான் எர்மெஸுக்குக் காது முழுக்கப் போய்விட்டது. நாற்பது வருடம் அலுமினியத் தகட்டை அடித்தவருக்கு வேறென்ன போகும்? சாப்பிடக் கூப்பிட்டால் தெருவே வரும், அவர் வரமாட்டார். போய்த் தோளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

அம்மா இறந்தபோது நீ அனுப்பிய தந்திக்குப் பிறகு பதினோரு வருடம் ஓடிவிட்டது. கிறிஸ்துமஸ் அட்டை வருகிறது, ஆனால் அதில் இருப்பது எல்விராவின் கையெழுத்து. இந்தக் கடிதத்தையாவது நீயே பிரித்துப் படி. உன்னிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஒருமுறை ஊருக்கு வா. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

நாம் செய்த பதினான்காம் கார் வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

போன மாதம் ஒரு லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மேலே போட்டிருந்த துணியை எடுக்கும் முன்பே உன் அத்தான், ‘இது பதினாலு’ என்றார். கூடவே வந்தவர் சூரிச்சைச் சேர்ந்த ஒரு விதவை. கணவர் போன பிறகு முதல்முறையாக அவரே வண்டியை வெளியே எடுத்து, வாசல் தூணில் கொண்டுபோய் இடித்துவிட்டார். முன்விளக்கிலிருந்து கதவு வரை வலப்பக்கம் மொத்தமும் நசுங்கிவிட்டது. இடப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் தைத்த இருக்கைகளில் ஒரு தையலும் விடவில்லை. என் பெருமையை நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அந்த அம்மாள் அழுதுகொண்டே சொன்னார்: ‘அவரு தினமும் காலையில இதோட வலது தோள்மேல, சக்கரத்துக்கு மேல, ஒரு தடவை கையை வச்சுட்டுத்தான் ஏறுவாரு. எனக்குப் புதுசு மாதிரி வேணாம். இருந்த மாதிரியே வேணும்.’

உன் அத்தான் இதுவரை வலப்பக்கத்தை நான்கு முறை அடித்து, நான்கையும் வெட்டிப் போட்டுவிட்டார். ‘என் கையில என்ன அடிச்சாலும் இடப்பக்கம்தான் வருது, நொரினா. கண்ணாடியில என் மூஞ்சியையே பாக்குற மாதிரி இருக்கு’ என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சொன்னதில்லை. ஆனால் நீ தகடு அடித்த அந்த மரக்கட்டையின்மேல் இன்றுவரை வேறு யாரையும் உட்காரவிட்டதில்லை. பூனை ஏறினால்கூட விரட்டுகிறார்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. வருடத்துக்கு மூன்று வண்டி, மிஞ்சிப்போனால் நான்கு. தூரினிலிருந்து பெட்டியில் எஞ்சின் வரும். நம் பட்டறை வெல்டர் தத்தேயோ குழாய்களை ஒட்டி வண்டிக்கு எலும்புக்கூடு செய்வான். உடம்பு உங்கள் இருவர் வேலை. அவர் இடப்பக்கம், நீ வலப்பக்கம், நடுவில் தரையில் அடித்த இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய நூல். அந்த நூலிலிருந்துதான் இரண்டு பேரும் அளப்பீர்கள். மற்றதெல்லாம் கண்ணும் கையும்தான். ஒரு வண்டியின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. கேட்டால், ‘உன் அண்ணன் சட்டை உனக்குச் சேருமா?’ என்று நீயே ஆளை மடக்குவாய்.

எஞ்சினைச் சோதிக்க, உடம்பு மூடாத எலும்புக்கூட்டில் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து பனாரோ பாலம் வரை நீ ஓட்டிப்போவாயே, ஞாபகமிருக்கிறதா? மடத்துக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று கன்னியாஸ்திரீகள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள். ‘கோழி நின்னா என்ன, சிஸ்டர், வண்டி நிக்குதான்னு பாருங்க’ என்று நீ சொன்னதற்கு அம்மா உன்னை ஒரு வாரம் திட்டினாள்.

நீ இரண்டு அடி அடித்தால் அவர் ஒரு அடி அடிப்பார். பின்கட்டில் தோல் தைத்துக்கொண்டிருக்கும் எனக்குச் சத்தத்தை வைத்தே எவ்வளவு வேலை முடிந்தது என்று தெரியும். யாராவது ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்திவிடுவீர்கள். காது போன பிறகும் அவர் அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் சுத்தியலை உயர்த்தியபடி சற்று நிற்கிறார். நீ அடிப்பதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இனி மற்றதைச் சொல்ல வேண்டும். பேனாவை மூன்று நாள் கீழே வைத்துவிட்டு இப்போதுதான் எடுக்கிறேன்.

கண்காட்சிக்குப் போன பதினான்காம் வண்டியை அந்த அம்மாளின் கணவரான சுவிஸ்காரர் முன்னால் நின்று பார்த்தார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். சக்கரத்துக்கு மேலே வலப்பக்கம் ஒரு விரல் அகலம் உள்ளே ஒடுங்கியிருந்தது. அத்தனை பேர் முன்னால் உன் அத்தான், ‘அந்தப் பக்கம் என்னுது இல்லீங்க. அதை அடிச்சவனைக் கேளுங்க’ என்றார். நீ ஊருக்கு வந்து சுத்தியலைக் கொக்கியில் மாட்டினாய். ஜனவரியில் ஜெனோவாவில் கப்பல் ஏறிவிட்டாய். சுவிஸ்காரர் அந்த வண்டியையே ஆசையாக வாங்கிக்கொண்டு போனார் என்பது உனக்குத் தெரியவே தெரியாது. நீ இல்லாமல் அதற்கப்புறம் ஐந்து வண்டிதான் செய்தோம். ஐந்திலும் வலப்பக்கத்தைக் கூலிக்கு வந்தவர்கள் அடித்தார்கள். யாரையும் உன் அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

லெயார்கோ, தப்பு உன் கையில் இல்லை. என் கையில்.

அந்தக் கண்காட்சிக்கு முந்தைய டிசம்பர் முதல் தேதி. நம் தொழிலுக்குக் காவலரான புனித எலிஜியோ திருநாள் விருந்தைப் பட்டறைக்குள்ளேயே வைப்போமே, அதற்கு நீள மேசை போட்டேன். மேசைக்கால் நூல் ஆணியில் இடித்தது. குறடால் ஆணியைப் பிடுங்கி வைத்துவிட்டு, எல்லோரும் லம்ப்ருஸ்கோ ஒயின் குடித்து முடித்துப் போன பிறகு திரும்ப அடித்தேன். தரையில் பழைய ஆணித்துளை ஒன்று பக்கத்திலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதில் அடித்துவிட்டேன். நூல் அரை விரல் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. மறுநாள் நீங்கள் இரண்டு பேரும் பதினான்காம் வண்டியை அந்த நூலிலிருந்துதான் அளந்தீர்கள். அவர் பக்கம் அரை விரல் வெளியே போனது, உன் பக்கம் அரை விரல் உள்ளே வந்தது. உன் கையும் சரி, அவர் கையும் சரி.

நீ கப்பலேறிய பிறகு, ஈஸ்டருக்காக மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தபோது இரண்டு துளைகளையும் பார்த்தேன். எல்லாம் அந்த நொடியே புரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சரியான துளையில் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தேன். அதன்மேல் கரியைத் தேய்த்தேன். அம்மா சாகும்போது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதுகூட நான் வாய் திறக்கவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, தம்பி.

நேற்று ஊசியால் அந்த மெழுகை நோண்டி எடுத்தேன். பிறகு உன் அத்தானைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சொன்னதை இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அடலீனாவும் கேட்டிருப்பாள், கேட்டுவிட்டுப் போகட்டும். அவர் குனிந்து இரண்டு துளைகளிலும் விரலை வைத்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ‘ஆணியை நீ தப்பா அடிச்சே. நாக்கால அடிச்சது நான்தான்’ என்று சொல்லி அழுதார். பிறகு, ‘அவனுக்கு எழுது. வர்றானோ இல்லியோ, அவன் கை தப்பு பண்ணலைன்னு எழுது’ என்றார்.

எழுதிவிட்டேன். வண்டிக்கு அவசரமில்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். நசுங்கிய வலப்பக்கத்தை இனி உன் அத்தான் தொடமாட்டார், அது உன் வேலை. உன் சுத்தியலின் பிடிக்கு இன்று காலை எண்ணெய் தடவி அதே கொக்கியில் மாட்டியிருக்கிறார். வர மனமில்லை என்றால் இரண்டு வரி திட்டியாவது எழுது. ஆனால் உன் கையெழுத்தில் எழுது.

புனித எலிஜியோ உன் கைகளையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும். திருநாளுக்கு நீ வந்தாலும் வராவிட்டாலும் உனக்கு ஒரு தட்டு வைப்பேன். மேசையை மட்டும் இந்த வருடம் வெளியே முற்றத்தில்தான் போடப்போகிறேன். டிசம்பர் பனியில் எல்லோரும் நடுங்கிக்கொண்டே சாப்பிடட்டும். அந்த ஆணியை நான் இனித் தொடமாட்டேன்.

உன் வழி பார்த்திருக்கும் அக்கா,
நொரினா